விசுவாசத்தினால் வரும் சுயாதீனம்: நியாயப்பிரமாணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசே வழியாகக் கொடுக்கப்பட்ட சட்டத்தை, பற்றி வேதபாட வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும், அப்போஸ்தலன் பவுல் கலாத்தியாவின் சபைகளுக்கு எழுதிய கடிதமான கலாத்தியர் நிருபத்தை ஒட்டியே போகும். வசன எண்களைக் கொடுத்திருக்கிறோம்; வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். எண்ணை மட்டும் பார்த்துத் தலையசைத்துப் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் அதிகம் உதவாது.

"நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல" என்பதன் பொருள் என்ன?

ரோமர் 6:14-இல் வரும் கருத்து இது. கடவுளுக்கு முன்பாக ஒருவர் எந்த அடிப்படையில் ஏற்றுக்கொள்ளப்படுகிறார் என்பதே இங்கே விவகாரம். கட்டளைகளைக் கைக்கொண்ட கணக்கைக் காட்டி நிற்கிறாரா, கிறிஸ்து செய்து முடித்ததை நம்பி நிற்கிறாரா? பவுல் இரண்டாவதைச் சொல்கிறார். "எந்த ஒழுங்கும் வேண்டாம்" என்ற பேச்சு அங்கே இல்லை. அதே அதிகாரத்தின் அடுத்த வசனமே அந்த முடிவை மறுக்கிறது.

நியாயப்பிரமாணம் என்றால் பத்துக் கட்டளைகளா, மோசேயின் ஐந்து நூல்களா, பொதுவாக எல்லாச் சட்டமுமா?

பவுல் இந்தச் சொல்லை மூன்று விதமாகக் கையாளுகிறார். குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

பெரும்பாலான இடங்களில் சீனாய் மலையில் மோசே வழியாகக் கொடுக்கப்பட்ட முழுச் சட்டத்தையும் குறிக்கிறார். யூத மரபு இதில் 613 கட்டளைகளை எண்ணுகிறது: "செய்" என்பவை 248, "செய்யாதே" என்பவை 365. சில இடங்களில் ஐந்து ஆகமங்களையே அந்தப் பெயரால் அழைக்கிறார். கலாத்தியர் 4:21-இல் "நியாயப்பிரமாணத்தைக் கேட்கவில்லையா" என்று கேட்டுவிட்டு, அடுத்து அவர் எடுப்பது சட்டம் எதையும் அல்ல. ஆதியாகமத்தின் சாராள், ஆகார் வரலாற்றை. இன்னும் சில இடங்களில், ரோமர் 3:27-இல் போல, "நியதி" என்ற பொருளில் "விசுவாசப்பிரமாணம்" என்கிறார். ஒரு வசனத்தில் இந்தச் சொல் வந்தால், மூன்றில் எது என்று முதலில் தீர்த்துக்கொண்டு மேலே போங்கள்.

கலாத்தியாவில் உண்மையில் நடந்தது என்ன?

இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் இருந்த ரோம மாகாணம் கலாத்தியா. அங்கிருந்த புறஜாதியார் (யூதரல்லாதவர்கள்) பவுலின் பிரசங்கத்தைக் கேட்டு விசுவாசித்தார்கள். அவர் போனபின் சிலர் வந்து, "கிறிஸ்துவை விசுவாசித்தது சரி, விருத்தசேதனமும் (ஆண்குறியின் நுனித்தோலை அகற்றும் யூதச் சடங்கு) பண்ணிக்கொள்ளுங்கள், அப்போதுதான் ஆபிரகாமின் பிள்ளைகளாக முழுமையடைவீர்கள்" என்று போதித்தார்கள். நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் அனுசரிக்கும் வழக்கமும் நுழைந்தது (4:10).

கவனிக்க வேண்டியது: வந்தவர்கள் கிறிஸ்துவை மறுக்கவில்லை. கிறிஸ்துவோடு ஒன்றைக் கூட்டினார்கள். பவுல் எழுதிய மற்ற நிருபங்களில் வாழ்த்துக்குப் பின் நன்றி சொல்லும் பகுதி வருவது வழக்கம். இதில் அது இல்லை. நேரே "ஆச்சரியப்படுகிறேன்" என்று கண்டிப்பில் இறங்குகிறார் (1:6).

இரண்டாம் அதிகாரத்தில் அவர் நினைவுபடுத்தும் அந்தியோகியா நிகழ்ச்சி இந்த விஷயத்தின் உயிர்நாடி. பேதுரு அங்கே புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். பவுலின் உடன் ஊழியரான பர்னபாகூட இழுபட்டுப் போனார். இவர்களில் யாரும் "விசுவாசம் போதாது" என்று பிரசங்கிக்கவில்லை. வாயைத் திறக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பந்திக்குப் போனார்கள், அவ்வளவுதான். அதையே பவுல் "சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி" நடவாத நடத்தை என்று எல்லார் முன்பாகவும் கண்டித்தார் (2:14). நியாயப்பிரமாணம் ஒரு சபைக்குள் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால், விசுவாச அறிக்கையைப் புரட்டுவதைவிட யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

விருத்தசேதனம் ஒரு சின்னச் சடங்குதானே? சமாதானத்துக்காகச் செய்துவிட்டுப் போனால் என்ன?

அதைச் செய்கிறவன் முழு நியாயப்பிரமாணத்தையும் கைக்கொள்ளக் கடனாளியாகிறான் என்கிறார் பவுல் (5:3). ஒன்றை மட்டும் தனியே பிரித்து வாங்க முடியாது. உபாகமம் 27:26-ஐ மேற்கோள் காட்டி, எழுதப்பட்ட எல்லாவற்றிலும் நிலைத்திராதவன் சாபத்துக்குட்பட்டவன் என்று 3:10-இல் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

ஆனால் இதே பவுல் தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணுவித்தார் (அப்போஸ்தலர் 16:3). கிரேக்கனான தீத்துவுக்கு மறுத்தார் (கலாத்தியர் 2:3-5). முரண்பாடு என்று பலர் இங்கே தடுமாறுகிறார்கள். தீமோத்தேயுவின் தாய் யூதப்பெண், தகப்பன் கிரேக்கன். அந்தப் பக்கத்து யூதர்களிடையே ஊழியத்துக்குப் போக அது வசதி. அவனுடைய இரட்சிப்புக்கு அது தேவை என்று யாரும் கேட்கவில்லை. தீத்துவின் விஷயத்தில் அதைத்தான் கேட்டார்கள். செயல் ஒன்றே, அதன்மேல் ஏற்றப்பட்ட பாரம் வேறு. ஒரு பழக்கத்தை அன்பினால் ஏற்கலாம். "இல்லாவிட்டால் நீ பாதிக் கிறிஸ்தவன்" என்று யாராவது அதைக் கேட்கும் நிமிடத்தில் ஏற்கக் கூடாது.

ஆபிரகாமை ஏன் இவ்வளவு இழுக்கிறார்?

எதிராளிகளின் பலமே ஆபிரகாம்தான். அவனுக்கும் அவன் சந்ததிக்கும் விருத்தசேதனம் கட்டளையிடப்பட்டதே என்பது அவர்களுடைய வாதம் (ஆதியாகமம் 17). பவுல் காலக்கணக்கைக் கொண்டு பதில் சொல்கிறார்.

ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற செய்தி ஆதியாகமம் 15:6-இல் வருகிறது. அதற்குப் பின் வரும் 16:16-இல், இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு வயது 86. அவன் விருத்தசேதனம் பண்ணப்பட்டபோது வயது 99. இஸ்மவேலுக்கு 13 (17:24-25). ஆகவே அவன் நீதிமானாக எண்ணப்பட்டு குறைந்தது 13 ஆண்டுகள் கழித்துத்தான் அந்தச் சடங்கு நடந்தது. ரோமர் 4:10-11 இதையே சுட்டிக்காட்டி, விருத்தசேதனத்தை முத்திரை என்கிறது. பத்திரம் எழுதி முடித்தபின் விழுவதுதானே முத்திரை?

கலாத்தியர் 3:17-இல் இன்னொரு எண்: நியாயப்பிரமாணம் வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷத்துக்குப் பின் வந்தது. பின்னால் வந்தது முன்னால் உறுதியானதைத் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் நியாயப்பிரமாணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது?

கலாத்தியர் 3:24 அதை "உபாத்தி" என்கிறது. இந்த மொழிபெயர்ப்பு நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. உபாத்தி என்றதும் பாடம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் நினைவுக்கு வருவார். "சட்டத்தைப் படித்துத் தேறினால் கிறிஸ்துவிடம் போகலாம்" என்று அர்த்தம் செய்துகொள்வோம். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் குறிப்பது ஆசிரியரை அல்ல. வசதியுள்ள வீட்டுப் பையனைப் பள்ளிக்கு அழைத்துப் போய்வர, கண்டித்து ஒழுங்கில் வைக்க அமர்த்தப்பட்ட அடிமை அவன். பையன் வளர்ந்ததும் அவன் வேலை முடிந்தது. அவன் கெட்டவனும் அல்ல, வீட்டின் சுதந்தரவாளியும் (வாரிசும்) அல்ல. 4:1-7 வசனங்களில் பிள்ளைப்பிராயம், காரியக்காரர், தகப்பன் குறித்த காலம் என்று வருவதெல்லாம் இந்தப் படத்தின் தொடர்ச்சி.

ரோமர் 3:20 இன்னொரு வேலையையும் சொல்கிறது: பாவத்தை அறிகிற அறிவு நியாயப்பிரமாணத்தினால் வருகிறது. முகத்தில் கரி இருக்கிறது என்று கண்ணாடி காட்டும். கண்ணாடியை எடுத்து முகத்தைத் தேய்க்க முடியாது.

பத்துக் கட்டளைகளும் போய்விட்டனவா?

பல சபைகள் சட்டத்தை ஒழுக்கம், சடங்கு, ஆட்சி என்று மூன்றாகப் பிரித்து, ஒழுக்கச் சட்டம் நிலைக்கிறது, மற்ற இரண்டும் முடிந்தன என்று போதிக்கின்றன. பாடம் நடத்த உதவும் பிரிவு இது. ஆனால் மோசேயின் நூல்களில் அப்படிக் கோடு கிழித்திருக்கவில்லை. லேவியராகமம் 19-இல் பிறனை நேசி என்ற கட்டளைக்கு (வசனம் 18) அடுத்த வசனமே இருவகை நூல் கலந்த ஆடையை விலக்குகிறது.

பவுலின் வழி வேறு. விபசாரம், கொலை, களவு, இச்சை ஆகியவற்றைத் தடுக்கும் கட்டளைகளைப் பெயர் சொல்லி எடுத்து, அன்பு இவற்றை நிறைவேற்றுகிறது என்கிறார் (ரோமர் 13:8-10). அயலானை நேசிக்கிறவன் அவன் பொருளைத் திருட மாட்டான். அதற்கு அபராதப் பட்டியல் வேண்டியதில்லை.

ஓய்வுநாள்தான் சிக்கல். அது பத்துக் கட்டளைகளுக்குள் இருக்கிறது. ஆனால் கொலோசெயர் 2:16 அதை உணவு, பண்டிகை, அமாவாசை ஆகியவற்றோடு சேர்த்து, அதைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்கிறது. சனிக்கிழமையை அனுசரிக்கும் சபைகள் அந்த வசனம் சடங்குப் பண்டிகைகளின் ஓய்வுநாட்களையே குறிக்கிறது என்கின்றன. எங்கள் வாசிப்பில் ரோமர் 14:5 தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது: அவனவன் தன் மனதில் நிச்சயப்பட்டிருக்கட்டும். நாளை அனுசரிக்கிறவரோடு சண்டை வேண்டாம்; அனுசரிக்காதவரை அவர் நியாயந்தீர்க்கவும் வேண்டாம்.

கிருபை இருக்கிறதென்று பாவம் செய்துகொண்டே இருக்கலாமா?

பவுலிடமே இந்தக் கேள்வி கேட்கப்பட்டது (ரோமர் 6:1, 6:15). கூடாது என்பதே பதில். அதற்கு அவர் கொடுக்கும் காரணம், தண்டனை வரும் என்பதல்ல: யாருக்குக் கீழ்ப்படிகிறீர்களோ அவருக்கே அடிமைகள் (6:16). பாவத்தில் திரும்ப இறங்குகிறவர் சுயாதீனத்தை அனுபவிக்கவில்லை. எஜமானை மட்டும் மாற்றிக்கொண்டார்.

16-ஆம் நூற்றாண்டுத் திருச்சபைச் சீர்திருத்தக் காலத்திலேயே இதில் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. 1537-இல் யோகான் அகிரிகோலா, மனந்திரும்புதலுக்குச் சட்டத்தைப் பிரசங்கிக்கத் தேவையில்லை என்று வாதிட்டபோது, அவரை எதிர்த்தது வேறு யாருமல்ல, அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர்.

இன்னொன்று. மாம்சத்தின் கிரியைகள் (பாவ இயல்பிலிருந்து பிறக்கும் செயல்கள்) என்றதும் காமமும் குடியும்தான் நினைவுக்கு வரும். கலாத்தியர் 5:19-21 பட்டியலை எண்ணிப் பாருங்கள்: பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள். ஏறத்தாழ பாதி இவையே. கட்டளைகளைக் கறாராகக் கைக்கொள்ளும் கூட்டத்தில் தாராளமாக வளரும் பயிர்கள் இவை. சட்டம் மாம்சத்தை அடக்கிவிடும் என்ற நம்பிக்கை ஏன் பொய்க்கிறது என்பதற்கு இந்தப் பட்டியலே விளக்கம்.

யாக்கோபு 2:24 இதற்கு நேர் எதிராக இருக்கிறதே?

விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார் யாக்கோபு. இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள்; ஆனால் வாழ்க்கையின் வெவ்வேறு கட்டத்தில். பவுல் நிற்பது ஆதியாகமம் 15-இல். யாக்கோபு எடுப்பது 22-ஆம் அதிகாரம், ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த நேரம். யாக்கோபு மறுக்கும் விசுவாசம், பிசாசுகளுக்கும் உள்ள வெறும் ஒப்புக்கொள்ளுதல் (2:19). பவுல் பேசும் விசுவாசம் அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம் (கலாத்தியர் 5:6). ஒருவர் வாசலில் நுழைவுச்சீட்டு கேட்பவரைத் தடுக்கிறார். மற்றவர் உள்ளே வந்து தூங்குகிறவரை எழுப்புகிறார்.

"கிருபையினின்று விழுந்தீர்கள்" என்றால் பாவத்தில் விழுவதா?

இல்லை. பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறோம்; கலாத்தியர் 5:4-ஐ ஒருமுறை முழுதாக வாசித்தால் போதும். நியாயப்பிரமாணத்தினாலே நீதிமான்களாக விரும்புகிறவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது அது. அதாவது அதிக பக்தியாக இருக்க முயன்றவர்கள்.

சபையில் விதிகளே இருக்கக் கூடாதா?

இருக்கலாம். ஆராதனை நேரம், கணக்குத் தணிக்கை, பிள்ளைகளின் பாதுகாப்பு, ஊழியருக்கான தகுதி, இவையெல்லாம் விதி இல்லாமல் நடக்காது. ஒரு விதி நுகமாக மாறிவிட்டதா என்று பார்க்க, அதைக் கொண்டுவந்தவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. இதைக் கடைப்பிடிக்காத ஒரு விசுவாசியைக் குறித்து என்ன சொல்வீர்கள்? "ஒழுங்கில்லை" என்றால் ஒரு வகை. "இரட்சிக்கப்பட்டாரா என்பதே சந்தேகம்" என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.
2. அவரைத் திருவிருந்திலிருந்தோ சாதாரணச் சாப்பாட்டிலிருந்தோ ஒதுக்குகிறீர்களா?
3. இதற்கான வசனம் எது, அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனங்களில் என்ன இருக்கிறது?
4. தேவை தீர்ந்ததும் இதை எடுத்துவிட முடியுமா, எடுக்க யாருக்கு அதிகாரம்?

இரண்டாம் கேள்விக்கு வாயால் வரும் பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். "அப்படியெல்லாம் இல்லை" என்பார்கள். அந்தியோகியாவில் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். ஒரு மாதம் பந்தியைக் கவனித்தால் தெரிந்துவிடும்.

"எனக்கு இடறலாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் நான் நிறுத்திவிட வேண்டுமா?

இந்தச் சொல்லைப்போல் தவறாகக் கையாளப்பட்ட சொல் சபையில் வேறில்லை. 1 கொரிந்தியர் 8-இல் இடறல் என்பதற்குத் திட்டமான பொருள் உண்டு. பலவீனமான மனச்சாட்சியுள்ளவர், விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பாவம் என்று நம்புகிறார். அறிவுள்ளவர் சாப்பிடுவதைப் பார்த்து, துணிவு பெற்று, தன் மனச்சாட்சிக்கு விரோதமாகத் தானும் சாப்பிடுகிறார். அதனால் கெட்டுப்போகிறார் (8:10-11). இடறல் அதுதான்.

ஒருவருக்குப் பிடிக்கவில்லை, எரிச்சலாக இருக்கிறது என்பது இடறல் ஆகாது. உங்களைப் பார்த்து அதைச் செய்யத் துணியவே மாட்டார், ஆனால் நீங்கள் செய்வதைத் தடுக்க விரும்புகிறார் என்றால், அவர் ரோமர் 14:3-இன் இரண்டாம் பாதிக்குள் வருகிறார்: புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. முதல் பாதி உங்களுக்கு: புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணக் கூடாது. பலமுள்ளவர் செய்யும் தப்பு ஏளனம். பலவீனமானவர் செய்யும் தப்பு தீர்ப்பு. இரண்டையும் ஒரே வசனம் பிடிக்கிறது.

உண்மையான இடறல் என்றால், தயங்காமல் விட்டுக்கொடுங்கள். அந்த நபர் முன்னிலையில், அந்தக் காரியத்தில் மட்டும். அவருடைய மனச்சாட்சியை நிரந்தரச் சட்டமாக எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டாம்.

தசமபாகம் கட்டாயமா?

மோசேயின் சட்டத்தில் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) ஒன்று மட்டும் அல்ல. லேவியருக்கானது (எண்ணாகமம் 18:21), ஆண்டுதோறும் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பமாகப் புசித்து மகிழ்வதற்கானது (உபாகமம் 14:22-27), மூன்றாம் வருஷத்தில் பரதேசி, திக்கற்றவன், விதவை ஆகியோருக்கும் லேவியனுக்கும் ஆனது (14:28-29). மூன்றும் தனித்தனியா, ஒன்றோடொன்று சேர்ந்தவையா என்பதில் விளக்கங்கள் வேறுபடும். எப்படிக் கூட்டினாலும், சம்பளத்தில் சரியாகப் பத்து சதவீதம் என்ற கணக்கு அங்கிருந்து நேராக வராது. அது விளைச்சலுக்கும் மந்தைக்கும் உரியது.

புதிய ஏற்பாட்டு நிருபங்கள் சபைக்குத் தசமபாகத்தைக் கட்டளையிடவில்லை. பவுல் கொடுக்கும் அளவுகோல்: வரவுக்குத் தக்கதாக, வாரத்தின் முதல்நாளில் ஒதுக்கி (1 கொரிந்தியர் 16:2), விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல (2 கொரிந்தியர் 9:7). பத்தில் ஒன்றை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்வது நல்லதே. கடனிலும் நோயிலும் தவிக்கும் குடும்பத்தின்மேல் மல்கியா 3:9-இன் சாபத்தைக் காட்டி வசூலிப்பது வேறு கதை. சாபத்திலிருந்து நம்மை மீட்டார் என்ற கலாத்தியர் 3:13 அந்த உண்டியல் பக்கத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

நகை அணியலாமா?

1 பேதுரு 3:3 பின்னிய மயிர், பொன், வஸ்திரம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் "உயர்ந்த வஸ்திரங்கள்" என்று இருந்தாலும் கிரேக்கத்தில் "உயர்ந்த" என்ற சொல் இல்லை. அந்த வசனம் பொன்னை முற்றிலும் விலக்குகிறதென்றால் உடையையும் விலக்குகிறது என்றாகிவிடும். அலங்காரத்தின் இடம் எங்கே என்பதே பேதுருவின் பேச்சு. எளிமைக்காக நகையை விட்டவர் மதிக்கத்தக்கவர். அதை ஞானஸ்நானத்துக்கு நிபந்தனையாக்குவது, பேதுரு சொல்லாததைச் சொல்வது.

கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் இதில் இன்னும் பிரிந்துதான் இருக்கிறார்களா?

முன்னளவுக்கு இல்லை. 1520-இல் லூத்தர் கிறிஸ்தவ சுயாதீனத்தைப் பற்றி எழுதிய சிறுநூலில், கிறிஸ்தவன் யாருக்கும் கீழ்ப்படாத ஆண்டவன், அதே நேரம் எல்லாருக்கும் ஊழியக்காரன் என்ற இரட்டைக் கருத்தை வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547-இல் தன் ஆறாம் அமர்வில், விசுவாசம் மாத்திரமே போதும் என்ற போதனையை அது புரிந்துகொண்ட பொருளில் கண்டனம் செய்தது. 1999 அக்டோபர் 31-ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், கிருபையினாலே மட்டும், கிறிஸ்துவின் மீட்புச் செயலை நம்பும் விசுவாசத்தில், நம் பக்கத்துத் தகுதி எதுவுமின்றி ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்ற பொது அறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. நல்லொழுக்கத்தின் பலன், ஆக்கினை நீக்கப்பட்டபின்னும் விசுவாசியில் பாவம் எவ்விதம் நிலைக்கிறது போன்றவற்றில் பேச்சு தொடர்கிறது.

கட்டுப்பாடு மிகுந்த பின்னணியிலிருந்து வந்திருக்கிறேன். தவறில்லை என்று புத்திக்குத் தெரிகிறது; செய்தால் மனம் குத்துகிறது. என்ன செய்ய?

புத்தி ஒரே நாளில் மாறும். மனச்சாட்சி மெதுவாகத்தான் மாறும். ரோமர் 14:23-இன்படி, சந்தேகத்தோடு செய்வது உங்களுக்குப் பாவமே, காரியம் தன்னில் சுத்தமாக இருந்தாலும். ஆகவே சுயாதீனத்தை நிரூபிப்பதற்காக எதையும் வீம்புக்குச் செய்யாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை எடுத்து, அதற்கான வசனங்களை அவை வரும் அதிகாரத்தோடு வாசித்து, உங்களைவிட நிதானமான ஒருவரோடு பேசி, மனம் தெளிந்தபின் செய்யுங்கள். தெளியவில்லையா, விட்டுவிடுங்கள், செய்யாமலிருப்பதும் சுயாதீனம்தான்.

இதில் பெரிதும் தவறிப்போகிற இடம் ஒன்று உண்டு: பழைய விதியை விட்டவர்கள், அதை இன்னும் வைத்திருப்பவர்களை இளக்காரமாகப் பார்ப்பது. அங்கேயும் பந்தி இரண்டாகப் பிரிகிறது.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

கலாத்தியரை ஒரே அமர்வில், சத்தமாக வாசியுங்கள். 6 அதிகாரம், 149 வசனம்; அரைமணிக்குள் முடிந்துவிடும். மறுநாள் அப்போஸ்தலர் 15. அங்கே எருசலேமில் கூடியவர்கள் புறஜாதியார்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தாமல் நான்கு காரியங்களை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அவற்றில் மூன்று (விக்கிரகத்துக்குப் படைத்தவை, நெருக்குண்டு செத்தது, இரத்தம்) சாப்பாட்டைப் பற்றியவை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரோமர் 14, 1 கொரிந்தியர் 8, யாக்கோபு 2 என்ற வரிசையில் போங்கள். ரோமர் 1 முதல் 8 வரை அதற்குப் பின் எடுத்தால் போதும். முதலிலேயே அதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏழாம் அதிகாரத்தில் சிக்கி நின்றுவிடுகிறார்கள்.